ஒரே வீடு, மூன்று விதமான வரி

பிரிட்டனில் வாரிசு வரி என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் முதலில் சொல்வது, "செத்தாலும் விடமாட்டான், பாதியை எடுத்துக்கொள்வான்" என்பதுதான். உயில், சொத்துக் கணக்கு என்று இதே வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: அப்படிப் பயப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வரியே வராது. வரப்போகிறவர்களோ நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இங்கே இறப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களின் சொத்துக்குத்தான் இந்த வரி விழுகிறது.

ஒருவர் விட்டுச்செல்லும் சொத்தில் முதல் 325,000 பவுண்டுக்கு வரி கிடையாது. அவர் குடியிருந்த வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் இன்னொரு 175,000 வரை விலக்கு உண்டு. கணவன் மனைவிக்கிடையே கைமாறுவதற்குப் பொதுவாக வரி இல்லை. முதலில் போனவர் பயன்படுத்தாத விலக்கும் மற்றவருக்கு வந்து சேரும். ஆக ஒரு தம்பதி பத்து லட்சம் பவுண்டு வரை வரியின்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும். அதற்கு மேலே உள்ளதற்குத்தான் 40 சதவீதம்.

இப்போது 500,000 பவுண்டு வீடு, வங்கியில் 75,000 என்று வைத்துக்கொள்வோம். கணவரை இழந்த ஒரு தாய் இதைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனால் வரி பூஜ்யம். விவாகரத்தான தகப்பன் விட்டுப்போனால் 30,000. கல்யாணமே செய்யாத சித்தப்பா, தான் தூக்கி வளர்த்த அண்ணன் மகனுக்கு எழுதிவைத்தால் ஒரு லட்சம். ஒரே வீடு, ஒரே சேமிப்பு. வித்தியாசம் உறவில் மட்டும்தான். வரி வேண்டுமா வேண்டாமா என்று எவ்வளவோ வாதிடலாம். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

இதைவிட அதிர்ச்சி தருவது கல்யாணப் பதிவு விஷயம். இங்கேயே மண்டபம் பிடித்து, ஐயரை வைத்துத் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டிருப்பார்கள். பதிவுத் திருமணம் மட்டும் "அப்புறம் பார்ப்போம்" என்று தள்ளிப்போய், முப்பது வருடம் ஓடியிருக்கும். இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவி இல்லை. 800,000 பவுண்டு வீடு கணவராக வாழ்ந்தவர் பெயரில் மட்டும் இருந்து, அதை அவர் உயில்படி அந்த அம்மாவுக்கு விட்டுப்போனால், 325,000 போக மீதிக்கு வரி 190,000 பவுண்டு. உயிலும் இல்லையென்றால் இன்னும் மோசம்: சட்டப்படி அந்த அம்மாவுக்குத் தானாக எதுவும் வராது. வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருப்பதை வரி அலுவலகம் கணக்கில் எடுக்காது. (ஊரில் அந்த நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்த திருமணம் இங்கே செல்லும், அது வேறு கதை.) இதற்கான மருந்தும் மலிவானதுதான். பதிவு அலுவலகத்தில் 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, இரண்டு சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். அறுபது வயதில் இனி எதற்கு என்று வெட்கப்படுகிறவர்களிடம் அந்த 190,000 கணக்கைத்தான் எழுதிக் காட்டுகிறேன்.

கூடப் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. வில்ட்ஷயரில் வாழ்நாள் முழுவதும் ஒன்றாகவே இருந்த ஜாய்ஸ், சிபில் பர்டன் என்ற வயதான சகோதரிகள், ஒருத்தி இறந்தால் மற்றவள் வரி கட்ட வீட்டை விற்க வேண்டிவருமே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2008இல் தோற்றுப்போனார்கள். திருமண உறவும் உடன்பிறப்பு உறவும் வெவ்வேறு வகை என்றது நீதிமன்றம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பக்கத்து அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே வரி சொத்தைப் பெறுபவர் மீது. அந்த வீட்டில் மூன்று வருடம் கூடவே குடியிருந்து, வேறு வீடில்லாதவர் என்றால், சில நிபந்தனைகளோடு அந்த வீட்டுக்கு விலக்கு. அவர் அக்காவா தங்கையா என்று கேட்பதில்லை, எங்கே தூங்கினார் என்றுதான் கேட்கிறார்கள். சாதாரண குடும்ப வீட்டுக்குப் பொருத்தமான கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

இன்னொரு பக்கம், அந்த 325,000 என்ற எல்லை 2009 ஏப்ரலில் வைத்தது. இன்னும் அசையவில்லை, இந்தப் பத்தாண்டு முடியும்வரை அசையவும் போவதில்லை. லண்டனில் அன்று சாதாரண வீடு வாங்கியவர் இன்றும் அதே சாதாரண வீட்டில்தான் இருக்கிறார். விலைதான் ஏறிவிட்டது. வரி விகிதத்தைத் தொடாமலே வரியைக் கூட்டும் வழி இது.

பயத்தில் சிலர் வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டு, ஏழு வருடம் கழிந்தால் வரி இல்லை என்று நம்புகிறார்கள். ஏழு வருடக் கணக்கு உண்மைதான். ஆனால் எழுதிக்கொடுத்துவிட்டு அதே வீட்டில் வாடகை இல்லாமல் இருந்தால் அந்தக் கணக்கு ஓடவே தொடங்காது. வரிக்கு அது இன்னும் உங்கள் வீடுதான். சந்தை வாடகை கொடுத்தால் பிள்ளை அதற்கு வருமான வரி கட்ட வேண்டும். பிள்ளையின் கல்யாணம் முறிந்தால் வீடு அந்த வழக்குக்குள் போகவும் கூடும். பத்து லட்சத்துக்குள் சொத்துள்ள தம்பதிக்கு இந்த வம்பே தேவையில்லை.

இரண்டு மாற்றங்களை மட்டும் கவனியுங்கள். 2027 ஏப்ரல் முதல், எடுக்காமல் விட்ட ஓய்வூதியச் சேமிப்பும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட இருக்கிறது. இதுவரை அது வெளியே இருந்தது. 2025 ஏப்ரல் 6 முதல், கடைசி 20 வருடத்தில் 10 வருடம் இங்கே வரி வதிவாளராக (வரிக் கணக்கில் இங்கே வசிப்பவராக) இருந்தவரின் உலகச் சொத்து முழுவதும் பொதுவாக வரிக்குள் வருகிறது. யாழ்ப்பாணத்துக் காணியும் சென்னை பிளாட்டும் அதில் அடக்கம். உயில் எழுத வரும்போது அவற்றின் உறுதி, பத்திர நகல்களையும் எடுத்து வாருங்கள். துணையை ஏற்கெனவே இழந்தவர்கள் அவருடைய இறப்புச் சான்றிதழ், உயில், திருமணச் சான்றிதழ் மூன்றையும் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். அவர் பயன்படுத்தாத விலக்கைக் கேட்டு வாங்க அவை தேவைப்படும். அதற்கான கால எல்லை, இரண்டாமவர் இறந்த மாதக் கடைசியிலிருந்து இரண்டு வருடம்.