“சோதினை முடிஞ்சாச் சரியாகும்”: எதுவரை காத்திருக்கலாம்?

மனநலக் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) வருதுதானே, அதால பிள்ளைக்கு மன அழுத்தம். சோதினை முடிஞ்சாச் சரியாகும் எண்டு இருந்தம்.” அப்படி நினைத்ததில் பிழை இல்லை. பரீட்சை நெருங்கப் பதறும் பிள்ளைகளில் அநேகர் கடைசிப் பேப்பர் எழுதிய கையோடு தேறிவிடுகிறார்கள். சிக்கல் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லில் இருக்கிறது. தலைக்கு மேல் வேலை குவியும்போது வரும் நெருக்கடியையும் அப்படித்தான் சொல்கிறோம், மனச்சோர்வு என்ற நோயையும் அப்படித்தான் சொல்கிறோம். நெருக்கடி என்றால் காத்திருக்கலாம். மனச்சோர்வு என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு நட்டம்.

நெருக்கடியில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், காலையில் வயிறு கலக்கும். சாப்பாடு இறங்காது. ஆபத்தைக் கண்டால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு ஆயத்தமாகும் அதே வழி இது. ஓரளவுக்கு அது நல்லது, அந்த உந்துதல் இல்லாவிட்டால் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராது. அளவு மீறும்போதுதான் தெரிந்த விடையும் வராமல் போகிறது. கணக்கைச் செய்யும்போது தரவுகளைப் பிடித்துவைத்திருக்கும் மூளையின் சிறிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது. படித்தது அழிந்துபோகவில்லை, எடுக்க வழியில்லாமல் நிற்கிறது.

இரண்டையும் வேறுபடுத்த வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பாரத்தைச் சற்று இறக்கிவிட்டுப் பாருங்கள். கண்ணகை அம்மன் சடங்குக்கோ, ஒரு கலியாண வீட்டுக்கோ, பின்னேரம் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்கோ பிள்ளை போகிறது. அங்கே சிநேகிதருடன் சிரித்து, பசித்துச் சாப்பிட்டு வந்தால் அது பெரும்பாலும் நெருக்கடிதான். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை அங்கும் ஒட்டாமல் நிற்கும், முன்பு விரும்பிய கிரிக்கெட்டும் கைபேசியும்கூட இனிக்காது. இப்படி மனம் சோர்ந்தோ எதிலும் ஆர்வம் அற்றோ, நாளின் பெரும் பகுதி, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், குறைந்தது 2 கிழமை (14 நாள்) தொடர்ந்தால் மருத்துவர்கள் மனச்சோர்வை நினைக்கத் தொடங்குவார்கள். கூடவே நித்திரை குலையும். பசி குறையும் அல்லது மிகும். உடம்பில் தென்பு இராது. ஒரு பக்கத்தை நாலு தரம் வாசித்தும் மண்டையில் ஏறாது. ‘நான் எதுக்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் வேர்விடும்.

இளவயதினரில் ஒன்றை அடிக்கடி தவறவிடுகிறோம். அவர்களில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வரலாம். தங்கச்சியோடு சண்டை, உம்மாவோடு வாக்குவாதம், கதவைச் சாத்திக்கொண்டு இருத்தல். வீட்டில் அதை ‘வாய் கூடிப்போச்சு’ என்பார்கள். தொடர்ந்து தலையிடி, வயிற்றுநோ என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து, பரசிற்றமோலோடு திரும்பிப் போகும் பிள்ளைகளிலும் சிலருக்கு உள்ளே இருப்பது இதுவே. புள்ளி குறைவதையும் கவனியுங்கள். ‘படிக்காததால் சோர்ந்துபோனான்’ என்கிறோம். பல வேளை சோர்ந்துபோனதால்தான் படிக்க முடியாமல் போயிருக்கும்.

நெருக்கடி எப்படி நோயாகிறது? எல்லோரிலும் ஆவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், சிறுவயதில் பெரிய இழப்பைக் கண்டிருந்தால், வீட்டில் வன்முறை இருந்தால் வாய்ப்புக் கூடுகிறது. போரையும் 2004 சுனாமியையும் கண்ட பெற்றோர் வளர்க்கும் பிள்ளைகள் இவர்கள். உம்மாவோ அம்மாவோ மத்திய கிழக்கில் வேலை செய்து அனுப்பும் காசில் ரியூசன் போகும் பிள்ளை, ஒவ்வொரு பேப்பரையும் அந்தக் காசின் கணக்காகவே பார்க்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லாது.

ஆனால் நாங்கள் அதிகம் காணும் வாசல் நித்திரை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நகரத்துக்கு வகுப்புக்கு வரும் ஒரு உயர்தர மாணவியின் நாளைக் கூட்டிப் பாருங்கள். 4.30க்கு எழும்பி, 7.30 முதல் 1.30 வரை பாடசாலை. பிறகு தியரி வகுப்பு, அதற்குப் பின் ரிவிஷன் வகுப்பு. பஸ் பிடித்து, வாவியைக் கடந்து வீடு சேர இரவு 7 மணி தாண்டும். சாப்பிட்டுவிட்டு 12 மணி வரை படிப்பு. நித்திரைக்கு மிஞ்சுவது நாலரை மணித்தியாலம். இந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணித்தியாலம். பகலில் படித்ததை மூளை பதித்துவைப்பது நித்திரையில். நித்திரை குறைய நினைவு குறைகிறது. நினைவு குறையப் பயம் கூடுகிறது. பயத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் விழிக்கிறாள். நேரம் போதாதென்று கோயிலை விடுகிறாள், விளையாட்டை விடுகிறாள், சிநேகிதியோடு பேசுவதை விடுகிறாள். மனதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகு விளக்கு மங்குகிறது. நெருக்கடி நோயாக மாறும் இடம் பெரும்பாலும் இதுதான். ‘இன்னும் கொஞ்சம் முழிச்சிருந்து படி’ என்று தேத்தண்ணி போட்டுக்கொடுக்கும் அன்பு, தெரியாமலே இந்தச் சுழலுக்குத் துணைபோகிறது.

ஆகவே முதல் மருந்து நேர அட்டவணையில். எழும்பும் நேரத்தை ஞாயிறு உட்பட ஒரே நேரமாக்குங்கள். படுக்கும் நேரத்தைக் கிழமைக்கு 15 நிமிடம் வீதம் முன்னால் இழுத்து, குறைந்தது 7 மணித்தியாலத்துக்குக் கொண்டுவந்து, பிறகு 8ஐ நோக்கிப் போங்கள். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம். குடித்த கஃபேனில் பாதியளவு 5 மணித்தியாலம் கழிந்தும் உடம்பில் நிற்கலாம். பகலில் கண் சொருகினால் 20 நிமிடம் தூங்கட்டும், ஒரு மணித்தியாலம் தூங்கினால் இரவு நித்திரை கெடும். நோன்பு மாதத்தில் பரீட்சை வந்தால் (2025 மார்ச்சில் சாதாரண தரம் அப்படித்தான் வந்தது) சஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) எழும்புவதைக் கணக்கில் எடுங்கள். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்ததும் உறங்கிவிட்டு, சஹருக்குப் பின் உள்ள நேரத்தைப் படிப்புக்கு வைப்பது இரவு முழுக்க விழிப்பதைவிட நல்லது.

ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியரிடம் வகுப்பு என்றால் ஒன்றை நிறுத்துங்கள். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பில் கேட்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பதும் கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்வதும்தான் பதியும். 40 நிமிடம் படித்தால் 10 நிமிடம் எழும்பி நடக்கலாம். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் உடம்பு அசைய வேண்டும். சைக்கிளில் வகுப்புக்குப் போவதும் கணக்குத்தான்.

பரீட்சை மண்டபத்தில் திடீரென எல்லாம் வெறுமையானால் பேனையை வையுங்கள். இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து தரம் போதும், ஒரு நிமிடத்துக்குள் முடியும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கும்போதுதான் நெஞ்சுத் துடிப்பு இறங்குகிறது. பெரிய பெரிய மூச்சாக அவசரமாக எடுத்தால் தலைசுற்றல் கூடும். பிறகு நிச்சயம் தெரிந்த ஒரு வினாவை முதலில் எழுதுங்கள். இதை வீட்டில் இரண்டு கிழமையாவது பழகியிருக்க வேண்டும், அன்று காலையில் முதல்முறை செய்தால் பலிக்காது. பரீட்சை தொடங்க முன்பு 10 நிமிடம் மனதில் உள்ள பயங்களை ஒரு தாளில் கொட்டி எழுதுவதும் சிலருக்கு நன்றாக உதவுகிறது.

எழுதி முடித்த பேப்பரைப் பற்றிக் கதைக்க வேண்டாம். உயர்தரத்தில் இசட் புள்ளி என்பது மற்றவர்களின் சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதன் அளவு. வாசலில் நின்று விடை ஒப்பிட்டு அதைக் கணக்கிட யாராலும் முடியாது. கிழக்கில் பரீட்சைக் காலம் மழைக் காலமாகவும் வந்துவிடுவதுண்டு. 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடையில் நின்று பிற்போடப்பட்டபோது, ‘கூடுதல் நாள் கிடைத்திருக்கிறது’ என்று விழித்துப் படிக்கத் தூண்டினோம். அந்த நாட்களில் முதலில் காப்பாற்ற வேண்டியிருந்தது நித்திரை.

இவ்வளவு செய்தும் 2 கிழமையில் மாற்றம் இல்லையென்றால், பரீட்சை வரட்டும் என்று இருக்காமல் கூட்டிவாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் உள்ளவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் நாளைக் கேட்கலாம். காசு கட்டத் தேவையில்லை. பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமோ பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ தொடங்கினாலும் சரி. தண்ணி ஓதிக் குடிப்பதையும் நூல் கட்டுவதையும் நிறுத்தச் சொல்லவில்லை, அதற்காகக் கிளினிக்கைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே கேட்கிறோம்.

முதலில் இரத்தச்சோகையும் தைரொயிட்டும் பார்க்கப்படலாம், இரண்டுமே சோர்வைத் தரும். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே முதலில். அதில் பாதி வேலை, மனம் வந்தபின் செய்வோம் என்று இராமல் செய்துவிட்டு மனம் வரக் காத்திருக்கப் பழகுவது. மேசையில் 10 நிமிடம், முற்றத்தில் 10 நிமிடம், ஒரு சிநேகிதனோடு 10 நிமிடம் என்று தொடங்கும். கடுமையானால் குளிசையும் சேரும். 18 வயதுக்குக் கீழ் பெரும்பாலும் முதலில் தெரிவாவது புளுவொக்செற்றின். பலன் நன்றாகத் தெரிய 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதற்குள் ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்துவதுதான் நாங்கள் காணும் பொதுவான பிழை. தேறிய பின்னும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். இது அடிமைப்படுத்தும் மருந்தல்ல. ஆனால் முதல் சில கிழமைகளில் சில இளவயதினருக்கு அமைதியின்மையும் சாகும் எண்ணமும் கூடலாம், ஆகவே குறித்த திகதியில் மறுபடி வருவது முக்கியம்.

சாகும் எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். “வாழாம இருந்தா நல்லம் எண்டு நினைப்பு வருதா மகள்?” என்று அமைதியாகக் கேட்டால் போதும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. பல பிள்ளைகள் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள். ‘ஓம்’ என்றால் திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். தனியே விடாமல் அன்றே கூட்டிவாருங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அகற்றுங்கள், குளிசைகளைப் பூட்டிவையுங்கள். 1995இல் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், கடும் நச்சுப் பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் பத்தாண்டில் ஏறக்குறையப் பாதியானது. அந்த இக்கட்டான நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பதே உயிரைக் காக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் உண்டு. பிள்ளைகளுக்கு 1929, அவசரம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990.

பெறுபேறு வெளியாகும் நாளுக்கும் இதே கவனம் வேண்டும். மூன்றாம் தடவை எழுதிய பிள்ளைக்கு, கூடப் படித்தவர்கள் கம்பஸ் போய்விட்ட நிலையில், அந்த நாள் மிகப் பாரமானது. இணையத்தில் பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். சொந்தக்காரரின் போன் கோல்களை அன்று தாயோ தகப்பனோ எடுக்கட்டும். அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சு மூன்று நாள் கழித்து வரலாம். அன்று இரவு பிள்ளை சாப்பிட்டதா, நித்திரை கொண்டதா என்று பாருங்கள். அடுத்த 2 கிழமையும் அதையே ஒரு கொப்பியில் குறித்து வைத்து, தேவைப்பட்டால் கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.