'ரன்' என்று காதில் விழுந்ததும் மூளை என்ன செய்கிறது?

திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து, அங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் குடும்பத்தோடு இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காம்ரேட்ஸ் மாரத்தானில் ஓடுவதும் 'ரன்'. குழாயில் தண்ணீர் வருவதும் 'ரன்'. பக்கத்து வீட்டு அக்கா கடை நடத்துவதும் 'ரன்'. கரண்ட் யூனிட் தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'. இங்கே பள்ளிக்குப் போகும் என் மகள் ஒரு நொடிகூடத் தடுமாறுவதில்லை. நான் மட்டும் மனசுக்குள் பட்டியல் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது?"

டர்பனில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஏறிப் போனால் 'அப் ரன்', அங்கிருந்து இறங்கி வந்தால் 'டவுன் ரன்'. ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போட்டி நெருங்க நெருங்க ஊரெங்கும் இந்தச் சொல்தான்.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி புழங்கும் சொல்லுக்குத்தான் அதிகப் பொருள் சேரும். மொழியியலாளர் ஜார்ஜ் சிஃப் இதை 1945-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லைப் புதிதாக எழுதியபோது 600-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. முதலில் கால் ஓடியது, அப்புறம் ஆறு ஓடியது, இயந்திரம் ஓடியது, கடைசியில் கடையையும் நாட்டையும் மனிதர்கள் ஓட்டினார்கள். நம் 'ஓடு'வும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்திருக்கிறது. கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசில் ஏதோ ஓடுகிறது, குடும்பத்தை ஓட்டுகிறோம்.

சரி, தலைக்குள் நடப்பதற்கு வருவோம். சாதாரணப் பேச்சில் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பட்டியலை மேலிருந்து கீழாகத் தேட நேரமே கிடையாது. மூளை அப்படித் தேடுவதுமில்லை என்பதைக் காட்டிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979-இல் வெளியிட்டது.

அவர் எடுத்துக்கொண்ட சொல் 'பக்'. ஆங்கிலத்தில் அதற்குப் பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல 'பக்'குகள் கிடந்தன என்ற வாக்கியத்தை ஆட்கள் காதில் கேட்கிறார்கள். சிலந்தியும் கரப்பானும் முன்னாலேயே வந்துவிட்டதால் குழப்பத்துக்கே இடமில்லை. 'பக்' என்ற ஒலி முடிந்த கணத்தில் எதிரே உள்ள திரையில் ஒரு சொல் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெற்று எழுத்துக்கோவையா என்று பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். திரையில் 'எறும்பு' வந்தால் சட்டென்று அழுத்தினார்கள், அதில் வியப்பில்லை. 'உளவாளி' வந்தபோதும் அதே வேகத்தில் அழுத்தினார்கள்! சம்பந்தமே இல்லாத 'தையல்' வந்தால் மட்டும் தாமதம். பூச்சியைப் பற்றிய பேச்சுதான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், ஒட்டுக்கேட்கும் கருவியும் உள்ளே விழித்துக்கொண்டிருந்தது. இதே சோதனையை மூன்று அசை தள்ளி, அதாவது இன்னும் ஒரு நொடிக்குள், மறுபடி செய்தார். அப்போது 'எறும்பு' மட்டும் வேகமாக வந்தது, 'உளவாளி' அணைந்துவிட்டிருந்தது.

தெருவில் நின்று "குமார்!" என்று கூப்பிட்டால் அந்தப் பெயர்கொண்ட அத்தனை பேரும் ஒரு கணம் திரும்பிப் பார்த்து, நமக்கில்லை என்று தெரிந்ததும் தங்கள் வேலைக்குப் போய்விடுவார்களே, அப்படித்தான் இதுவும். இத்தனையும் நடந்து முடிந்திருக்கும், நமக்குத் துளியும் தெரிந்திருக்காது. நாம் எப்போதும் ஒரே பொருளைத்தான் கேட்டோம் என்று சத்தியம் செய்வோம். நாம் உணர்வதற்கு முன்பே முடிந்துவிடும் இந்த வேலையை, பொத்தான் அழுத்தும் நேரத்தை மட்டும் வைத்துப் பிடித்தார்களே என்பது இன்றுவரை என்னைப் பரவசப்படுத்துகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு திருத்தம் சேர்த்தன: எல்லாப் பொருளும் சம பலத்தோடு எழுவதில்லை, அதிகம் புழங்கும் பொருள் முந்திக்கொள்ளும்.

ஆனால் பூச்சிக்கும் கருவிக்கும் உள்ள தூரம் ஓட்டத்துக்கும் கடை நடத்துவதற்கும் கிடையாது. 'ரன்'னின் பொருள்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். உளவியலாளர் ஜெனிஃபர் ராடும் கூட்டாளிகளும் 2002-இல் இந்த வேறுபாட்டைச் சோதித்தார்கள். தொடர்பில்லாத இரு பொருள் கொண்ட சொல்லை அடையாளம் காண மூளை திணறுகிறது. உறவுள்ள பல பொருள் கொண்ட சொல்லையோ சாதாரணச் சொல்லைவிட விரைவாகவே அடையாளம் காண்கிறது. பல பொருள் என்பது எப்போதும் பாரம் இல்லை.

வினைச்சொல்லில் இன்னொரு விசேஷமும் உண்டு. மார்ட்டின் பிக்கரிங்கும் ஸ்டீவன் ஃப்ரிசனும் படிப்பவர்களின் கண்ணசைவை அளந்து 2001-இல் எழுதினார்கள். பல பொருள் கொண்ட பெயர்ச்சொல்லைக் கண்டதும் கண் அங்கேயே தயங்கும். வினைச்சொல்லில் அந்தத் தயக்கம் பிந்தித்தான் வருகிறது. அவர்கள் தரும் விளக்கம் இது: உறவுள்ள பொருள்கள் என்றால் மூளை அந்த இடத்திலேயே முடிவெடுப்பதில்லை. பொதுவான ஒரு கருவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும் சொற்களைப் பார்த்து அதைக் கூர்மையாக்குகிறது. ஆங்கிலத்தில் 'ஷீ ரன்ஸ்' என்று வந்தபின்தான் கடையா, மாரத்தானா, காய்ச்சலா என்பது வரும். அதுவரை மூளை பொறுத்திருக்கவேண்டும்.

தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. 'அவள் கடையை ஓட்டுகிறாள்' என்பதில் 'ஓட்டு' வரும்போது கடை ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. தானாக ஓடினால் 'ஓடு', ஓடவைத்தால் 'ஓட்டு' என்று வடிவத்தையே நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் 'ரன்' ஒன்றுதான். ஆகவே நமக்குக் காத்திருப்பு குறைவாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். நம் வாசகர் தடுமாறுவதற்கு வயது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. 'கடை' போன்ற துணைச்சொல் வினைக்கு முன்னால் வந்துவிடும் பழக்கத்தில் வளர்ந்தவர், அது பின்னால் வரும் மொழியில் காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சோதிக்கப் பணம் ஒதுக்கவேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். இந்தத் துறையின் ஆய்வுகள் அளவுக்கு மீறி ஆங்கிலத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கின்றன. டர்பனைப்போல ஒரு ஊர் வேறெங்கே கிடைக்கும்? அங்கே பேசப்படும் இசிஸுலு (ஸுலு) மொழியில் ஒருவரைப் போனில் அழைப்பதை 'ஷாயா உசிங்கோ' என்கிறார்கள். 'ஷாயா' என்றால் அடி, 'உசிங்கோ' என்றால் கம்பி. நாமும் போன் 'அடிக்கிறோம்'. வெயிலும் நமக்கு அடிக்கிறது, சுவருக்குப் பெயின்டும் அடிக்கிறோம். இந்த 'அடி'யும் அந்த 'ஷாயா'வும் கேட்பவர் மூளையில் எப்படித் திறந்து மூடுகின்றன என்று அளக்க ஒரு கண்ணசைவுக் கருவியும், இந்த மொழிகள் தெரிந்த சில மாணவர்களும் போதும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் குழம்பும் என்ற பயத்தில் தமிழை நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரே மொழிக்குள்ளேயே பொருள்களை எழுப்பி, வேண்டாததை நொடிக்குள் அணைத்துக்கொண்டிருக்கிற மூளை அது.

வாசகருக்கு நடைமுறையில் என்ன உதவும்? ராடின் குழு 2013-இல் கண்டது இது: ஒரு சொல்லை அதன் அரிதான பொருளில் ஒருமுறை கேட்டவர்களுக்கு, 20 நிமிடம் கழித்தும் அந்தப் பொருள் சற்று முன்னால் வந்து நின்றது. துடுப்புப் படகுக்காரர்களிடம் 2016-இல் சோதித்தபோது, 'ஃபெதர்' போன்ற சொல்லுக்கு இறகைவிட்டுத் துடுப்பைத் திருப்பும் பொருளை மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். எத்தனை வருடம் துடுப்புப் போட்டார்களோ அந்த அளவுக்கு அது வலுவாக இருந்தது. ஆக, பொருள்களின் வரிசை பெரியவர்களுக்கும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, 'ரன் எ ஷாப்', 'ரன் எ ஃபீவர்', 'ரன் தி டாப்' (குழாயைத் திறந்துவிடு) என்று துணைச்சொல்லோடு சேர்த்து, மகளிடம் பேசும்போது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சில மாதங்களில் 'கடை' என்ற சொல் வருவதற்கு முன்பே அதை எதிர்பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள்.