ஆஸ்டியோமைலைட்டிஸ்: எலும்புமச்சை அழற்சி

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சால்மொனெல்லா ஆஸ்டியோமைலைட்டிஸ், டிரக் ரெசிஸ்டன்ட்’ என்று இருந்தால், மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா கிருமி எலும்புக்குள் புகுந்துவிட்டது என்று பொருள்.

கிரேக்கத்தில் ஆஸ்டியோன் என்றால் எலும்பு, மியெலோஸ் என்றால் மச்சை, அதாவது எலும்புக்குள் இருக்கும் மென்மையான திசு. ஐட்டிஸ் அழற்சியைக் காட்டும் விகுதி. மியெலோஸ் தண்டுவடத்துக்கும் ஆகிவந்தது. போலியோமைலைட்டிஸில் உள்ளது அந்தப் பொருள்தான். சால்மொனெல்லாவுக்கும் சால்மன் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. அது அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனின் பெயர். 1885இல் பன்றிகளிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித். பெயர் என்னவோ மேலதிகாரிக்குப் போனது!

தமிழில் எலும்புமச்சை அழற்சி என்பதே சரி. மஜ்ஜை என்றும் எழுதலாம். இலங்கைப் பாடநூல்களில் எலும்பை என்பு என்பார்கள். பழைய அகராதிகளில் மூளை என்ற சொல்லுக்கே மச்சை என்ற பொருளும் உண்டு. ஆனால் இன்று ‘எலும்பு மூளை அழற்சி’ என்றால் நோயாளி தலையைத் தொட்டுப் பார்ப்பார். அழல் என்றால் நெருப்பு. அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கி வலிப்பதால் அழற்சி நன்றாகவே பொருந்துகிறது. ‘எலும்புத் தொற்று’ தவறில்லை, ஆனால் மச்சை விட்டுப்போகிறது.

பொதுவாக எலும்பைத் தாக்குவது ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி. சால்மொனெல்லா அபூர்வம். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் அரிவாளணுச் சோகை (சிக்கிள் செல் அனீமியா) உள்ளவர்களிடம் மட்டும் கதை வேறு. வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைக்க, குடற்சுவர் பழுதாகி, குடலில் உள்ள கிருமி ரத்தத்தில் கசியும். எலும்பிலும் அதே அடைப்பால் திசு செத்துக் கிடக்கும். கிருமிகளை வடிகட்ட வேண்டிய மண்ணீரலும் ஓய்ந்திருக்கும். இந்தியாவில் இந்தச் சோகையின் மரபுக்கூறு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம்.

‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு மருந்தெதிர்ப்பு போதும். ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று எழுதினால் எது எதை எதிர்க்கிறது என்றே தெரியாது. நோயெதிர்ப்பு உடலின் குணம், மருந்தெதிர்ப்பு கிருமியின் குணம். இரண்டையும் குழப்பக் கூடாது. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், கோட்ரைமாக்சசோல் பலிக்காமல் போனபின் சிப்ரோஃப்ளாக்சசினை நம்பினார்கள். அதற்கும் இப்போது பல இடங்களில் கிருமி மசிவதில்லை. அதனால் எலும்பிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த மாதிரியை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, கிருமி அடங்குகிற மருந்தைத் தேடிப் பல வாரங்கள் தருகிறார்கள். செத்த எலும்புக்குள் ரத்தம் ஓடாததால் மருந்தும் அங்கே போகாது. அந்தத் துண்டை அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பெயர் சீக்வெஸ்ட்ரம்; தமிழில் செத்த எலும்புத் துண்டு என்றாலே புரிந்துவிடும்.