பாப்புலிசம்: ஓர் உழவர் கட்சியின் பெயர்

தேர்தல் நேரத்தில் எந்த இலவசத் திட்டத்தை அறிவித்தாலும் ஆங்கில நாளேடுகள் அதன்மேல் குத்தும் முத்திரை ‘பாப்புலிஸ்ட்’. தமிழில் அதையே ‘கவர்ச்சித் திட்டம்’ என்கிறோம். சற்றுக் கல்விப்புல நடையில் எழுதுகிறவர்கள் ‘ஜனரஞ்சக அரசியல்’, ‘வெகுஜனவாதம்’ என்கிறார்கள். ஐரோப்பாவில் குடியேறிகளை விரட்டச் சொல்லும் கட்சிகளுக்கும் இதே பெயர்தான். ஆனால் இந்தப் பெயரை முதலில் தமக்கென்று சூடிக்கொண்டவர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து உழவர்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று தெரிந்தால்தான் தமிழில் எந்தச் சொல் இதற்குப் பொருந்தும் என்று பேச முடியும்.

மூலம் இலத்தீன்: ‘போப்புலுஸ்’ என்றால் மக்கள். 1890 தேர்தலில் கான்சாஸ் உழவர்கள் ‘மக்கள் கட்சி’ என்ற பெயரில் நின்று, அந்த மாநிலத்துக்குரிய ஏழு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) இடங்களில் ஐந்தைப் பிடித்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காரரை டெமாக்ரட் என்றும் குடியரசுக் கட்சிக்காரரை ரிபப்ளிக்கன் என்றும் சொல்லலாம். மக்கள் கட்சிக்காரரை எப்படிச் சொல்வது? 1891 மே மாதம் கட்சியை நாடளவில் அமைக்கக் கூடிய சின்சினாட்டி மாநாடு முடிந்து ரயிலில் ஊர் திரும்பும்போது இந்தக் கேள்வி எழுந்ததாகவும், உடன் வந்த டேவிட் ஓவர்மயர் என்ற டெமாக்ரட் இலத்தீன் வேரிலிருந்து ‘பாப்புலிஸ்ட்’ என்று சொல்லிக் கொடுத்ததாகவும் கூறுவார்கள். சில நாட்களிலேயே சொல் அச்சேறிவிட்டது. எதிரிகள் அதைச் சுருக்கி ‘பாப்ஸ்’ என்று கேலி பேசினார்கள்.

கட்சி பிறக்கக் காரணம் கடன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் (1861-65) பிறகு தெற்கு மாநிலங்களில் கையில் காசில்லாத பருத்தி உழவர், விதை, உரம், மாவு, துணி எல்லாவற்றையும் ஊர்க் கடையில் பற்றெழுதித்தான் வாங்க வேண்டும். ரொக்க விலை ஒன்று, பற்று விலை வேறு. இரண்டாவது மிகவும் கூடுதல். ஈடு, இன்னும் விளையாத பருத்தி. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் தீர்ந்திருக்காது, அடுத்த ஆண்டுப் பயிரும் அதே கடைக்காரருக்கே எழுதப்படும். கறுப்பின உழவர், வெள்ளையின உழவர் என்று லட்சக்கணக்கானோர் இந்தப் பற்றுப் புத்தகத்துக்குள் அடைபட்டிருந்தார்கள்.

விலை வேறு விழுந்துகொண்டே போனது. 1870களின் தொடக்கத்தில் பவுண்டுக்கு 12 சென்டுக்கு மேல் விற்ற பருத்தி 1894இல் 5 சென்டுக்கும் கீழே போய்விட்டது. 1873ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வெள்ளி டாலரைக் கைவிட்டது. 1879 முதல் காகிதப் பணமும் தங்கத்தோடு கட்டப்பட்டது. நாடு வளர்ந்த வேகத்துக்குப் பணம் பெருகவில்லை. பணம் அரிதானால் பொருள் மலிவாகும், பழைய கடனோ கனமாகும். நூறு டாலர் கடன் வாங்கியவர் அதை அடைக்க முன்னைவிட இரு மடங்கு பருத்தி விளைவிக்க வேண்டியிருந்தது. மேற்குச் சமவெளியில் கோதுமையும் மக்காச்சோளமும் விளைவித்தவர்களை வாட்டியவை ரயில் கட்டணமும் தானியக் கிடங்குக் கூலியும். விற்று வரும் காசில் நிலக்கரி வாங்குவதைவிட மக்காச்சோளத்தையே அடுப்பில் எரிப்பது மலிவு என்று கான்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் குளிர்காலத்தில் எரித்தார்கள்.

அவர்கள் முதலில் நாடியது கட்சியை அல்ல, சங்கத்தை. 1867இல் தொடங்கிய ‘கிரேஞ்ச்’ என்ற உழவர் அமைப்பின் அழுத்தத்தால் சில மாநிலங்கள் கிடங்குக் கூலிக்கு வரம்பு விதித்தன. அது செல்லும் என்று 1877இல் உச்ச நீதிமன்றம் இல்லினாய்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. டெக்சஸில் முளைத்த ‘உழவர் கூட்டணி’ இன்னும் ஆழமாகப் போனது. சேர்ந்து விற்போம், சேர்ந்து வாங்குவோம் என்று கூட்டுறவுகளை நிறுவியது. வங்கிகள் அவற்றுக்குக் கடன் தர மறுத்தபோது, 1889இல் கூட்டணித் தலைவர்களுள் ஒருவரான சார்லஸ் மக்யூன் ஒரு திட்டம் வைத்தார்: அரசே கிடங்கு கட்டட்டும், உழவர் தானியத்தையும் பருத்தியையும் அங்கே வைத்து, மதிப்பில் 80 சதவீதம் வரை ஆண்டுக்கு ஒரு சதவீத வட்டியில் அரசுப் பணமாகக் கடன் பெறட்டும், விலை ஏறும்போது விற்கட்டும். கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தை ஒரேயடியாக மூடும் வழி இது. அந்த இயக்கத்தின் மிகக் கூர்மையான சிந்தனை இதுதான் என்பேன். இரண்டு பெரிய கட்சிகளும் இதற்குச் செவிசாய்க்கவில்லை. தனிக் கட்சி காண வேண்டியதாயிற்று.

1892 ஜூலை 4 அன்று ஒமாஹா நகரில் மக்கள் கட்சியின் அறிக்கை வெளியானது. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வரி, ரயிலும் தந்தியும் தொலைபேசியும் அரசுடைமை, அஞ்சலகச் சேமிப்பு வங்கி, 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற விகிதத்தில் வெள்ளி நாணயம், கிடங்குக் கடன். உடன் நிறைவேற்றிய தீர்மானங்களில் ரகசிய வாக்கு, செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, அரசுப் பணியில் எட்டு மணி நேர வேலை ஆகியவை இருந்தன. குடியேற்றத்துக்குக் கட்டுப்பாடு கேட்ட தீர்மானமும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த ஆண்டு அவர்களுடைய அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். அன்று பித்துக்குளித்தனம் என்று ஏசப்பட்ட கோரிக்கைகளில் வருமான வரியும் நேரடி செனட் தேர்தலும் 1913இல் அரசியல் சட்டத் திருத்தங்களாயின.

கட்சி உடைந்தது இரண்டு இடங்களில். ஒன்று நிறம். வெள்ளையரின் கூட்டணி கறுப்பினத்தவரைச் சேர்க்காததால், 1886இல் டெக்சஸில் கறுப்பின உழவர் கூட்டணி தனியே தோன்றியது. ஜார்ஜியாவின் டாம் வாட்சன், உங்களைப் பிரித்து வைப்பதே தனித்தனியாகக் கொள்ளையடிக்கத்தான் என்று 1892இல் இரு இனத்தாரிடமும் பேசினார். அதே வாட்சன் பின்னாளில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கச் சொன்னார். வட கரோலினாவில் மக்கள் கட்சியும் ரிபப்ளிக்கன்களும் சேர்ந்து அமைத்த கூட்டு வென்றது. 1898இல் வில்மிங்டன் நகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியை ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல் கவிழ்த்துக் கறுப்பினத்தவரைக் கொன்றது. மற்றொன்று 1896. ஜனநாயகக் கட்சி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தி, வெள்ளி நாணயக் கோரிக்கையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மக்கள் கட்சியும் அவரையே வேட்பாளராக ஏற்றது. ரிபப்ளிக்கன் வேட்பாளர் மக்கின்லியிடம் பிரையன் தோற்றார், கட்சி மீளவில்லை.

இயக்கம் கரைந்த பிறகும் சொல் பிழைத்தது, வேறு பொருளில். 1955இல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாடர் அந்த உழவர்களைப் பழமை ஏக்கமும் சதிக் கற்பனையும் மிகுந்தவர்களாகக் காட்டினார். 1976இல் லாரன்ஸ் குட்வின் அவர்களுடைய கூட்டுறவு அனுபவத்தை முன்வைத்து அதை மறுத்தார். அதற்குள் சொல் அமெரிக்காவைத் தாண்டிவிட்டது. 1967இல் லண்டனில் அறிஞர்கள் மாநாடு கூட்டி விவாதித்தும் ஒரே வரையறைக்கு வர முடியவில்லை. தூய மக்கள் ஒரு பக்கம், கெட்டுப்போன மேல்தட்டு ஒரு பக்கம் என்று அரசியலைப் பிரித்து, அந்த மக்களின் ஒரே குரல் நானே என்று தலைவர் உரிமை கொண்டாடுவதே இன்றைய புழக்கம்.

இனி தமிழ். ‘ரஞ்சகம்’ என்பது மகிழ்விப்பது. ஜனரஞ்சகப் பத்திரிகை, ஜனரஞ்சகப் படம் என்று நாம் சொல்வது அந்தப் பொருளில்தான். கூட்டத்தைக் குளிர்விக்கும் தலைவரின் பாணிக்கு ‘ஜனரஞ்சக அரசியல்’ சரியாகவே பொருந்தும். ஒமாஹாவில் கூடியவர்களுக்குப் பொருந்தாது. அங்கே மகிழ்விப்பவர் ஒருவர், மகிழ்பவர் வேறொருவர் என்று இல்லை. ‘கவர்ச்சி’ அதைவிட மோசம், பேசுமுன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ‘வெகுஜனவாதம்’ நடுநிலையானது, ஆனால் திரளை மட்டும் காட்டுகிறது.

‘மக்களியம்’ என்பதே என் தேர்வு. பெண்ணியம், மார்க்சியம் போலக் கொள்கையைக் குறிக்கிறது. கட்சிப் பெயரிலிருந்த ‘மக்கள்’ அப்படியே நிற்கிறது. கட்சிக்காரரை ‘மக்களியர்’ எனலாம். ‘குடியியம்’ என்றால் என்ன என்றும் யோசித்ததுண்டு. ‘குடிகள்’ என்ற சொல்லில் மக்களும் உண்டு, பயிரிடுவோரும் உண்டு. குடிவாரம் என்பது உழுதவரின் பங்கு. கான்சாஸ்காரர்களுக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும், ஆனால் ‘குடி’க்கு இன்று முதலில் நினைவுக்கு வரும் பொருள் வேறு.

ஒரு எச்சரிக்கை. ரஷ்யாவில் 1870களில் கிராமங்களுக்குப் போன படித்த இளைஞர்களையும் ஆங்கிலம் பாப்புலிஸ்டுகள் என்றே மொழிபெயர்க்கிறது. அவர்கள் உழவரைத் தேடிப் போன நகரத்தார். கான்சாஸில் உழவர்களே கட்சி கட்டினார்கள். ரஷ்யர்களை ‘நரோத்னிக்குகள்’ என்று எழுதும் பழக்கம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.