வீட்டில் பாடிப் பதிவுசெய்கிறவர்களுக்கு: பின்னால் திருத்த முடியாத சில தவறுகள்

சாலிகிராமத்தில் மிக்ஸிங் வேலை (பதிவான குரலையும் இசையையும் கலந்து சீராக்குவது) பார்க்கும் எனக்கு, மாதத்தில் பாதி நாட்கள் வீடுகளில் பதிவான குரல்களோடுதான் கழிகின்றன. 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக்கு முன்பெல்லாம் பாடகர் ஸ்டூடியோவுக்கு வந்து பாடிவிட்டுப் போவார். இப்போது பலர் வீட்டிலேயே பாடிக் கோப்பை மட்டும் அனுப்புகிறார்கள். அந்தக் கோப்பில் குரலோடு சேர்ந்து அவருடைய அறையும், மின்விசிறியும், பக்கத்து வீட்டு மோட்டாரும் வந்துவிடுகின்றன. சுருதி சற்று விலகியிருந்தால் என்னால் திருத்திவிட முடியும். ஒரு சொல் தாளத்துக்கு முன்னால் விழுந்திருந்தால் நகர்த்திவைக்கலாம். மூச்சுச் சத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் குரலோடு ஒட்டிய எதிரொலியையும், அளவு மீறிப் பதிவாகி உடைந்த சுரத்தையும் முழுமையாகச் சரிசெய்ய இன்றுவரை எனக்கு வழி தெரியாது. அதற்கென்று வந்திருக்கும் மென்பொருள்கள் ஓரளவு வேலை செய்கின்றன என்றாலும், அழுக்கோடு சேர்த்துத் துணியையும் கொஞ்சம் தேய்த்துவிடுகின்றன.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "எந்த மைக் வாங்கலாம் சார்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன், பாட நினைக்கும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொல்வேன். தட்டிய ஓசை அங்கேயே அடங்கிவிட்டால் நல்லது. சென்னை அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் அப்படி அடங்காது. வழவழப்பான டைல்ஸ் தரை, பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல் எல்லாம் சேர்ந்து, தட்டிய கைக்குப் பின்னால் தகரத்தில் சுண்டினாற்போல ஒரு அதிர்வு ஓடும். காதுக்கு அது பழகிப்போயிருப்பதால் அன்றாடம் நமக்குத் தெரிவதில்லை. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்துக்குப் பத்து அறை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் படுக்கையறையின் உயரமும் ஏறத்தாழ பத்து அடியாகவே இருந்துவிடுகிறது. பத்து அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸிலும், அதன் இரு மடங்கான 112 ஹெர்ட்ஸிலும், அதற்கு மேலுள்ள மடங்குகளிலும் ஒலி தேங்கி நின்று வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் அறையில் மூன்று திசைகளிலும் அதே எண்களில் வீங்குவதால் விளைவு கூடிவிடுகிறது. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகர் மந்திர ஸ்தாயியில் சதுச்ருதி தைவதத்துக்கு இறங்கும்போது அவர் தொடுவது 110 ஹெர்ட்ஸ், மேலே சொன்ன 112-க்கு வெகு அருகில். அதனால்தான் மற்ற சுரங்களெல்லாம் சீராக வந்துகொண்டிருக்கும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் குடத்துக்குள் பேசினாற்போலக் குரல் உப்பிவருகிறது. பாடகர் தம் தொண்டையைக் குறை சொல்லிக்கொள்வார், குற்றம் கட்டடத்துடையது.

இதற்கு முட்டை அட்டையை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மெல்லிய அட்டை, கைதட்டலின் கூர்மையைச் சிறிது மழுக்குமே ஒழிய, ஆண் குரலின் அடித்தளத்தில் நடக்கும் வீக்கத்தை அது தொடக்கூடச் செய்யாது, வெளிச்சத்தத்தையும் தடுக்காது. தெர்மோகோலும் அப்படித்தான். ஒலியை உறிஞ்ச வேண்டுமானால் காற்று உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும்படியான தடித்த பொருள் வேண்டும், அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். முகம் மைக்கைப் பார்க்க, மைக்கின் முதுகு அறையைப் பார்க்கட்டும். நாம் வழக்கமாகப் பாடப் பயன்படுத்தும் கார்டியாய்டு வகை மைக் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தில் அதற்குக் காது மந்தம். ஆகவே அது கேட்கும் பக்கத்தில், அதாவது பாடுபவரின் முதுகுக்குப் பின்னால்தான், மெத்தை இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மைக்குக்குப் பின்னால் மெத்தையையும் தம் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரையும் வைத்துக்கொள்கிறார்கள். அறையின் சரி நடுவிலும் மூலையிலும் நிற்காமல் சற்று விலகி நின்றால், மேலே சொன்ன வீக்கமும் ஓரளவு தணியும்.

நங்கநல்லூரில் ஐந்தரைக் கட்டையில் பாடும் ஒரு பாடகியின் கோப்பில், பஞ்சமத்தில் நிற்கும்போதெல்லாம் அடியில் ஒரு மெல்லிய 'ர்ர்ர்' கேட்டது. அவர் ஒயரை மாற்றிப் பார்த்தார், மைக்கைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிவரவும் கிளம்பிவிட்டார். நான் நேரில் போய், அவரைப் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கச் சொல்லிவிட்டு, அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருள் மீதும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நடந்தேன். இரும்பு பீரோவின் கதவில் கை பட்டதும் தெரிந்துவிட்டது. கதவு அந்தச் சுரத்துக்கு மட்டும் அதிர, பூட்டில் தொங்கிய சாவிக்கொத்து கூடவே ஜதி போட்டுக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துவிட்டு, கதவிடுக்கில் மடித்த செய்தித்தாளைச் செருகியதும் சத்தம் நின்றது. "சாவிய எங்க வெச்சீங்க தம்பி?" என்று அவருடைய மாமியார் இரண்டு முறை வந்து கேட்டதைத் தவிர அந்தச் சிகிச்சைக்கு வேறு செலவில்லை. பித்தளைக் குத்துவிளக்கு, சுவரில் மாட்டிய கண்ணாடிப் படம், மூலையில் உறையில்லாமல் சாய்ந்திருக்கும் தம்புரா ஆகியவையும் இதேபோலக் கூடவே பாடக்கூடியவைதான்.

வெளிச்சத்தத்தைப் பொறுத்தவரை, சென்னையில் அதை வெல்ல முடியாது, நேரம் பார்த்து ஒதுங்கத்தான் முடியும். அதிகாலை நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில் நகரம் ஓரளவு வாய் மூடியிருக்கும். மார்கழியில் அதுவும் கிடையாது. பல்லாவரம், பம்மல் பக்கம் இருப்பவர்கள் விமானம் போய் முடியும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். ஏ.சி.யையும் விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க ஒரு சரணத்தைப் பாடுவதும், பிறகு விசிறியைப் போட்டுக்கொள்வதுமாகத்தான் இங்கே வேலை நடக்கும். ஃப்ரிட்ஜை நிறுத்துகிறவர்கள் தங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால், திரும்பப் போட மறந்து மாவு புளித்துப்போகாது.

இப்போது மைக்குக்கு வருகிறேன். கண்டென்சர் மைக் (ஸ்டூடியோக்களில் வைக்கும் நுட்பமான வகை) அறைச் சத்தத்தை எல்லாம் இழுத்துவிடும், டைனமிக் மைக் (மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை) இழுக்காது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. டைனமிக் மைக்கை நாம் வாயருகே வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை இரண்டடி தள்ளி வைக்கிறோம். வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தத் தூரத்தினால் வருவது. வாய்க்கும் மைக்குக்குமான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும், அறையின் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஒரு சாண் தூரம், நடுவில் 'ப', 'ப்ர' போன்ற ஒலிகளின் காற்றைத் தடுக்க ஒரு பாப் ஃபில்டர் என்பது வீட்டுக்கு நல்ல தொடக்கம். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் ஒயர் கொண்ட) மைக்கைக் கணினியோடு இணைக்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் ஒலியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் பெட்டி, வேண்டும். கண்டென்சர் என்றால் அதில் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஒரு மைக் உள்ளீடு மட்டுமே உள்ள மிகச் சாதாரண இன்டர்ஃபேஸே பாடகருக்குப் போதும். மிருதங்கக் கலைஞர் என்றால் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியே மைக் வைக்க இரண்டு உள்ளீடுகள் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. நம் கடற்கரைக் காற்றின் ஈரம் கண்டென்சரின் மெல்லிய தகட்டில் படிந்தால் மழைக்காலத்தில் பொரிவதுபோலச் சத்தம் வரும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.

அளவு வைப்பதில் நேரும் தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பல்லவியை மெல்லப் பாடிப் பார்த்து, திரையில் கோடு சிறியதாக இருக்கிறதே என்று கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டிவிடுகிறார்கள். அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறது. பழைய டேப்பில் சற்று மீறினால் ஒலி இதமாகக் கனக்கும்; டிஜிட்டலில் உச்ச எல்லையான பூஜ்யம் டெசிபலைத் தாண்டிய பகுதி பதிவாவதே இல்லை, தலை வெட்டப்பட்டதுபோலாகிவிடும். பாட்டிலேயே உச்சமான வரியை முழு வீச்சில் பாடி, அது மைனஸ் 12 டெசிபலைத் தொடுமாறு கெயினை வையுங்கள். சோதனையின்போது பாடுவதைவிடப் பதிவு ஓடும்போது எல்லோரும் கொஞ்சம் பலமாகவே பாடுவார்கள் என்பதால் அந்த இடைவெளி தேவை. 24 பிட்டில் (மெல்லிய ஒலியையும் நுணுக்கமாக எழுதும் அமைப்பு) பதிவுசெய்தால், அளவு குறைவாக இருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. கூட்டிக்கொள்வது என் வேலை.

பதிவின் வேகமும், அதாவது ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுவது என்பதும், முக்கியம். சி.டி.க்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், காணொளிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்பது வழக்கம். எதையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் இசையமைப்பாளர் அனுப்பிய ட்ராக் (பின்னணி இசைக் கோப்பு) எதில் இருக்கிறதோ அதையே நீங்களும் வைக்க வேண்டும். 48-இல் பதிவான கோப்பு 44.1 வேகத்தில் ஓடினால், ஐந்து கட்டையில் பாடியது நாலரைக்கும் நாலுக்கும் நடுவில் எங்கோ போய் விழும். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வரும் "சார், என் குரல் ஏன் சோகமா இருக்கு?" என்ற தொலைபேசி அழைப்புகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

அடுத்தது தாமதம். பாடிய குரல் கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்போனுக்கு வர நேரம் எடுக்கும். மென்பொருளில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவு) 1024 என்று இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். போய்வர அதைவிட இரட்டிப்பு. 128 என்று குறைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லிசெகண்டுக்குள் அடங்கும். தாமதத்தோடு தன் குரலைக் கேட்டுப் பாடுகிறவர், தன்னையறியாமல் தாளத்தில் இழுக்கத் தொடங்கிவிடுகிறார். விண்டோஸ் கணினியில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் குரலைக் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு அனுப்பும் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் தாமதக் கவலையே வேண்டாம். ப்ளூடூத் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மட்டும் பாடாதீர்கள், அதன் தாமதம் எந்தப் பொத்தானாலும் தீராது. ஒயர் உள்ள, காதை முழுக்க மூடும் ஹெட்போன்தான் தேவை. திறந்த வகையாக இருந்தால் சுருதிப் பெட்டியும் ட்ராக்கும் கசிந்து உங்கள் மைக்குக்குள் புகுந்துவிடும், பிறகு சுருதியைத் திருத்த முனையும்போது அந்தக் கசிவும் சேர்ந்து வளைந்து விகாரமாகும்.

மின்சாரம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக வரும் இரைச்சல் பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். ப்ளக்கில் இருக்கும் பெரிய மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டால் அது நின்றுவிடும் என்று சில கடைகளில் சொல்லித் தருகிறார்கள். சில வேளை நிற்கவும் செய்யும். கூடவே, கருவியில் கோளாறு வந்தால் மின்சாரம் தரைக்குப் போகும் பாதையும் அறுந்துவிடும். உதடு மைக்கின் உலோகத்தில் உரசுமளவுக்கு நெருங்கி நின்று பாடும் ஒருவர் அந்தப் பாதையைத் துண்டிக்கவே கூடாது. கருவிகள் அனைத்தையும் ஒரே பலகையிலிருந்து எடுத்துப் பாருங்கள். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிரித்து பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோயிருப்பது சகஜம்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பிள் கணினியில் கேரேஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். வெறுமனே குரல் பதிய ஆடாசிட்டியே போதும். கிராக் செய்த பெரிய மென்பொருளை யாரோ பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படி ஒன்றைப் போட்ட என் பழைய உதவியாளரின் கணினியில் ஒரே இரவில் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு ஆங்கிலக் கடிதம் மட்டும் திரையில் மிஞ்சியது. பத்து மாத வேலையில் மீண்டது, அவர் எனக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த இரண்டு பாட்டுகள்தான்.

அனுப்பும்போது வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக அனுப்புங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் நிமிடத்துக்கு 9 எம்பிக்கும் குறைவுதான், கூகுள் டிரைவில் எளிதாக ஏறிவிடும். எம்பி3-யாகச் சுருக்கிவிட்டு மறுபடி வேவாக மாற்றி அனுப்புவதால் போனது திரும்பிவராது. குரல் ஐம்பதாவது வினாடியில்தான் தொடங்குகிறது என்றாலும் கோப்பைப் பாட்டின் தொடக்கத்திலிருந்தே எடுத்து அனுப்பினால், எங்கே பொருத்துவது என்று நான் தேட வேண்டியிராது. ரிவர்ப் (செயற்கை எதிரொலி) சேர்க்க வேண்டாம். அதோடு, பாடி முடித்ததும் ரெக்கார்டிங்கை உடனே நிறுத்திவிடாமல், மைக் முன்னால் அசையாமல் இருபது வினாடி சும்மா நின்றுவிட்டு அந்த மௌனத்தையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் அறை தனியாக எப்படி ஒலிக்கிறது என்று அதில்தான் எனக்குத் தெரியும். இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளுக்கும் அந்த இருபது வினாடியைத்தான் நான் முதலில் காட்டுகிறேன்.