கைப்பட்டை காட்டும் கலோரியை எவ்வளவு நம்பலாம்?

ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினால், திரையில் 412 கலோரி என்று காட்டுகிறது. 410 இல்லை, 415 இல்லை, கச்சிதமாக 412. அந்தக் கச்சிதம்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஃபிட்னஸ் பேண்டோ ஸ்மார்ட் வாட்சோ கலோரியை அளப்பதே இல்லை. அதற்கான சென்சாரே அதற்குள் கிடையாது. கையின் அசைவையும் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தையும் அளக்கிறது. மற்றதெல்லாம் அவற்றை வைத்துப் போடும் கணக்கு. எடை குறைக்க இதை வாங்கியவர் எந்த எண் அளவு, எந்த எண் ஊகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அசைவை அளப்பது முடுக்கமானி. சிலிக்கான் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நிறை, வில்போன்ற மெல்லிய தாங்கிகளில் தொங்குகிறது. கை ஆடும்போது அது இடம்பெயர, பக்கத்துத் தகடுகளுக்கு இடையிலான மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், மாறும். மேல்-கீழ், இட-வலம், முன்-பின் என மூன்று திசைகளிலும் இந்த மாற்றம் பதிவாகிறது. நடப்பவரின் கையசைவில் விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக, சீரான இடைவெளியில் முகடுகள் வரும். அந்தச் சீரைக் கண்டுபிடித்துத்தான் ஸ்டெப்ஸ் எண்ணப்படுகின்றன. பல கருவிகள் சில அடிகள் தொடர்ச்சியாக விழுந்த பிறகே எண்ணத் தொடங்கும். அறைக்குள் மூன்று அடி, நான்கு அடி என்று நடப்பது கணக்கில் வராமல் போவது இதனால்தான். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை ஆடாது, எண்ணிக்கை விழும். கரடுமுரடான சாலையில் வண்டி ஓட்டினால் உட்கார்ந்தபடியே நூறு ஸ்டெப்ஸ் ஏறலாம். இந்தக் குறைகள் இருந்தாலும், இயல்பான நடையில் ஸ்டெப் எண்ணிக்கை நம்பத் தகுந்ததுதான்.

பின்புறம் மினுக்கும் பச்சை விளக்கு இதயத் துடிப்புக்கானது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு. ஓய்வில் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓடும்போதுதான் வம்பு: பட்டை தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது குலுங்க, கருவி அந்தக் குலுக்கலையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே துடிப்பு 165-க்குத் தாவி, வேகம் மாறியும் அங்கேயே நிற்கிறதென்றால், கருவி உங்கள் அடிகளை எண்ணிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, பயிற்சியின்போது ஒரு துளை இறுக்கி அணிந்தால் இது பெருமளவு சரியாகும். குளிரில் கை விறைத்திருக்கும்போதும், எடைதூக்குகையில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போதும் ரத்த ஓட்டம் குறைவதால் அளவு தடுமாறும்.

இனி கலோரி. நீங்கள் கொடுத்த உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றிலிருந்து, சும்மா படுத்திருந்தாலே உடல் செலவிடும் ஆற்றலைக் கருவி ஒரு சூத்திரத்தால் கணிக்கிறது. பரவலாகப் பயன்படுவது மிஃப்லின்-செயின்ட் ஜியார் சூத்திரம்: எடையை 10 ஆலும் உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். 80 கிலோ, 160 செ.மீ., 40 வயதுப் பெண்ணுக்கு 800 + 1000 − 200 − 161 = நாளுக்கு 1,439 கலோரி. மணிக்கு 60 கலோரி. காலை ஆறு மணிக்குக் கண் விழித்ததும் பட்டையில் ஏற்கெனவே 360 கலோரி ஏறியிருப்பது ஏன் என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான். நள்ளிரவு முதல் சூத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே உடலமைப்புள்ள இன்னொருவருக்கு உண்மைச் செலவு பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். கருவிக்கு அது தெரிய வழியில்லை.

இதன்மேல்தான் அசைவுக்கும் துடிப்புக்கும் உரிய பங்கு ஏறுகிறது. துடிப்பு கூடினால் செலவும் கூடும் என்பது ஓரளவுக்கு உண்மை. ஆனால் காபி, வெயில், பதற்றம் எல்லாமே உழைப்பில்லாமல் துடிப்பைக் கூட்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு எதிர்மாறாக, உழைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறில் இதயத் துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதில் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம்.

அந்த 412-க்குத் திரும்புவோம். சமதரையில் நடக்க, உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக ஆகும் செலவு, ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய அரைக் கலோரி. 80 கிலோ பெண் மணிக்கு 5 கி.மீ. நடந்தால் 200 கலோரி. நடக்காமல் இருந்தாலும் அந்த மணி நேரத்தில் 60 செலவாகியிருக்கும். ஆக மொத்தம் 260. மிச்சம் 150 கலோரி வெறும் கணிப்புப் பிழை. நடையால் கிடைத்த உண்மை லாபம் 200 மட்டுமே. 412-ஐ நம்பி அந்த அளவுக்குச் சாப்பிட்டுவிட்டால், நடந்து செலவிட்டது போக இன்னொரு 200 கலோரி உடம்பில் சேர்கிறது. பட்டை கட்டியும் எடை ஏறுகிறதே என்று புலம்புகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2016-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 471 பேர், 24 மாதங்கள். எல்லோருக்கும் உணவு, பயிற்சி பற்றிய வழிகாட்டல் தரப்பட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு பிரிவினருக்கு மேல்கையில் அணியும் கருவியும் கிடைத்தது. முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ. காரணம் இன்னதென்று அந்த ஆய்வு நிறுவவில்லை. அதற்காகக் கருவியைத் தூக்கி எறியவும் வேண்டாம். 2022-இல் 'தி லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, இவற்றை அணிபவர்கள் நாளுக்குச் சுமார் 1,800 ஸ்டெப்ஸ் கூடுதலாக நடக்கிறார்கள், எடை ஏறக்குறைய ஒரு கிலோ குறைகிறது. கருவி தன் பங்குக்குத் தருவது அந்த ஒரு கிலோதான். மீதி தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்தது.

வாங்கியதும் உயரம், எடை, எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்பதைச் சரியாகக் கொடுங்கள். மூன்று கிலோ குறையும்போதெல்லாம் எடையை மாற்றுங்கள்; பழைய எடையிலேயே விட்டால் கலோரி தொடர்ந்து கூடுதலாகக் காட்டும். உணவுக் கணக்குச் செயலியோடு பட்டையை இணைத்திருந்தால், பயிற்சிக் கலோரியை அன்றைய உணவு வரம்பில் திருப்பிச் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். செயலியில் 'சுறுசுறுப்பானவர்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு இதையும் இயக்கினால், அதே நடை இரண்டு முறை கணக்கில் ஏறும்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல் இருந்து, சராசரி ஸ்டெப்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். 4,200 வந்தால் அடுத்த இலக்கு 5,200; பத்தாயிரம் அல்ல. அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' என்ற காலடி மானியின் பெயரிலிருந்து பரவியது. அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஆயிரம் கூட்டினால் முழங்காலும் பொறுக்கும், மனமும் பொறுக்கும்.

கலோரி எண்ணையும் உருப்படியாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. பிழை பெரிதாக இருந்தாலும், ஒரே ஆளிடம், ஒரே மாதிரி வாழ்க்கையில், அது ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அப்படியானால் அதை அளந்து கழித்துவிடலாம். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். தனி நாளின் எண்ணை மறந்து, வாரச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உணவைக் குறைத்த முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்போது தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள சர்க்கரையான கிளைகோஜன் கரைந்து, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் நீரும் கூடவே வெளியேறும்; தராசு ஆர்ப்பாட்டமாக இறங்கும், கொழுப்போ அவ்வளவு குறைந்திருக்காது. அதன் பிறகான 28 நாளை எடுங்கள். மாதவிடாயையொட்டி நீர் ஏறி இறங்குவதும் இந்த இடைவெளியில் ஒன்றையொன்று சரிசெய்துவிடும்.

நம் 80 கிலோ பெண் அந்த 28 நாளில் சராசரியாக நாளுக்கு 1,600 கலோரி சாப்பிட்டு 1.2 கிலோ குறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். உடற்கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. 1.2 × 7,700 = 9,240; அதை 28 ஆல் வகுத்தால் நாளுக்கு 330. ஆக அவர் உண்மையில் செலவிட்டது 1,930. பட்டை காட்டிய சராசரி 2,270 என்றால், 1,930 ÷ 2,270 = 0.85. இனிமேல் பட்டை எதைக் காட்டினாலும் 0.85 ஆல் பெருக்கிப் படிக்க வேண்டியதுதான். அவர் சாப்பிட்டதைக் கொஞ்சம் குறைத்தே எழுதியிருந்தாலும் பாதகமில்லை. எப்போதும் அதே அளவுக்குக் குறைத்து எழுதும்வரை அந்தப் பிழையும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடும்.

மணிவாரி வரைபடத்தையும் பார்ப்பது நல்லது. காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அந்தக் களைப்பில் மாலைவரை நாற்காலியை விட்டு எழாதவர்களின் நாள் மொத்தம், நடக்காத நாளைவிடப் பெரிதாகக் கூடியிருக்காது. தனக்கு இது நடக்கிறதென்றே பலருக்குத் தெரியாது. வரைபடத்தில் காலையில் ஒரு கோபுரமும் அப்புறம் வெறும் பொட்டலுமாகத் தெரியும். எடைப் பயிற்சி செய்பவர்கள் கலோரி குறைவாகக் காட்டுகிறதே என்று பயிற்சியைக் கைவிட வேண்டாம். துடிப்பை வைத்துப் போடும் கணக்கு அந்த வகைப் பயிற்சிக்குப் பொருந்தாது. உணவைக் குறைக்கும்போது தசையைக் காப்பாற்றுவதே அதன் வேலை. தூக்கப் பதிவில் மொத்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அசையாமல் விழித்துக் கிடப்பதையும் தூக்கமென்று எண்ணுவதால் அதுவும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற பிரிவுகளை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. கலோரி எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டையே தவிர்க்கும் பழக்கம் முன்பு இருந்தவர்கள், அந்த எண் திரையில் தெரியாதபடி மறைத்துவிடுவது நல்லது.

சில மாதங்களில் எடை இறங்குவது நின்றுபோகலாம். 80 கிலோவிலிருந்து 72-க்கு வந்தவருக்கு அதே 5 கி.மீ. நடைக்கு 200-க்குப் பதில் 180 கலோரிதான் ஆகும். ஓய்வுச் செலவிலும் சூத்திரப்படி 80 குறைந்திருக்கும். நாளுக்கு நூறு கலோரி இப்படிச் சத்தமில்லாமல் கழன்றுவிடும். அந்த நிலையில் பழைய 0.85-ஐ வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், எடையைத் திருத்திவிட்டு இன்னொரு 28 நாள் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். சார்ஜ் தீர்ந்தோ கழற்றி வைத்தோ பாதி நாள் பட்டை கையில் இல்லாத நாட்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள். குளிக்கப் போகும்போது சார்ஜில் போட்டுவைத்தால் அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் வராது.