டிஜிட்டல்: துண்டுக்குள் இருந்த சொல்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் "விரலி என்ன போகுது?" என்று கேட்டால் குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய் என்று பதில் வரும். குண்டாக இருக்கும் கிழங்கு ஒரு விலை, விரல்போல நீளும் விரலி ஒரு விலை. அதே கேள்வியைத் தமிழில் கணினி பற்றி எழுதுகிற ஒருவரிடம் கேட்டால் எத்தனை ஜிபி வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். பென் டிரைவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் விரலி. விரல் அளவுதானே இருக்கிறது, பொருத்தமான பெயர்தான். வைத்தவர் மஞ்சள் காலத்தில் ஈரோட்டுப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விரலைப் பிடித்துக்கொண்டே நடந்தால் 'டிஜிட்டல்' என்ற சொல்லின் பூர்வீக வீட்டுக்குப் போய்விடலாம். லத்தீனில் 'டிஜிட்டஸ்' என்றால் விரல். கை விரலும் அதுதான், கால் விரலும் அதுதான். மனிதன் விரல்விட்டு எண்ணியதால் ஆங்கிலத்தில் 'டிஜிட்' என்பது விரலையும் குறித்தது, பத்துக்குக் கீழே உள்ள எண்களையும் குறித்தது. நம் பள்ளிக்கூடக் கணக்கில் 'ஈரிலக்க எண்' என்கிறோமே, அந்த 'இலக்கம்'தான் டிஜிட்.

இதே வேரில் இன்னொரு கிளை நம் வீட்டு மாத்திரை டப்பாவரை வந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு செடி, பூ விரலில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஜெர்மன் மொழியில் அதற்குத் தையற்காரர் விரலில் போடும் உறையின் பெயர். 1542இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற தாவரவியலர் அதையே லத்தீனாக்கி 'டிஜிட்டாலிஸ்' என்றார். அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் இதயத்துக்குக் கொடுக்கிற டிஜாக்சின். எங்கள் அப்பத்தா டிஜிட்டல் என்ற சொல்லைக் கேட்டறியாமலே ஐந்தாறு வருஷம் அதை விழுங்கிக்கொண்டிருந்தார்.

கணக்குப் பொறிக்கு இந்தச் சொல் வந்தது போர்க்காலத்தில். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் கணிதவியலர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், 1937இல் வீட்டுச் சமையலறை மேஜையில் பழைய ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளை வைத்து இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சின்னக் கருவியைச் செய்தவர். 1942இல் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிவைக்கும் கருவிகளைப் பற்றிய ஒரு குறிப்பில், அதுவரை 'துடிப்பு' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கப்பட்ட வகைக்கு 'டிஜிட்டல்' என்ற பெயர் பொருந்தும் என்று எழுதினார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சரி, அந்த வகை என்றால் எந்த வகை? இதற்கு அமெரிக்கா போக வேண்டாம், கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் போதும்.

சித்திரையில் தேர்த் திருவிழாவை ஒட்டி அங்கே காங்கேயம் மாடுகள் இறங்கும். சின்ன வயதில் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொள்வார். வாங்குகிறவர் துண்டுக்கடியில் கையை விடுவார். அப்புறம் வாய்ப்பேச்சு இல்லை. விரலைப் பிடித்து விலை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் பிடித்தால் ஐந்து. முதல் பிடி பத்தாயிரத்துக்கு என்றால் அடுத்த பிடி ஆயிரத்துக்கு. ஆறுக்கும் ஏழுக்கும் தனிப் பிடிகள் உண்டு, அது தரகருக்குத் தரகர் மாறும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு இலேசாக அசைவது மட்டும் தெரியும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு விரலுக்கும் மூன்று விரலுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. 'ரெண்டேகாலே அரைக்கால்' என்று விரலைப் பிடிக்க முடியாது. வேண்டுமானால் அடுத்த இடத்துக்குப் போய் இன்னொரு பிடி போட வேண்டும். இப்படிப் படிப்படியாக, இடைவெளி விட்டு நிற்கிற எண்ணிக்கைதான் டிஜிட்டல். இரண்டாவது, பிடியை அவர் மென்மையாகப் பிடித்தாலும் நெரித்துப் பிடித்தாலும் கை வியர்த்திருந்தாலும் இரண்டு இரண்டுதான். நடுவில் கலக்கம் இருந்தாலும் சேதி கெடாது.

எதிர்ப்பக்கம் அனலாக். ஒப்புமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எடை கூடக் கூட அதற்கு ஒத்த அளவில் முள் நகர்வது அனலாக். முள் 2 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், பார்க்கிற கண் சரிந்திருந்தால் எடையும் சரியும். இதைத் தமிழில் 'ஒப்புமை முறை' என்பாரும் உண்டு, 'தொடர்முறை' என்பாரும் உண்டு. இரண்டாவது எனக்குப் பிடிக்கும், விட்டுவிடாமல் தொடர்ந்து நகர்வது அதில் தெரிகிறது. சந்தையில் விலை பேசும்போது தரகர் முகத்தில் ஓடுகிற சிரிப்பு தொடர்முறை. துண்டுக்குள் நடப்பது மட்டும் டிஜிட்டல்.

இவ்வளவும் கரண்டு இல்லாமல் நடக்கிறது என்பதுதான் இங்கே சங்கதி. டிஜிட்டலுக்குத் தமிழ் கேட்டால் பாதிப்பேர் 'மின்னணு' என்று எழுதிவிடுகிறார்கள். செய்தித்தாளில் 'மின்னணுப் பணப் பரிவர்த்தனை', அறிவிப்பிலும் அதே 'மின்னணு'. மின்னணு என்பது எலக்ட்ரானிக். பழைய வால்வு ரேடியோ மின்னணுக் கருவி, ஆனால் டிஜிட்டல் இல்லை. துண்டு பேரம் டிஜிட்டல், ஆனால் மின்னணு இல்லை. வேறு வேறு சொல்லுக்கு ஒரே சட்டையை மாட்டிவிட்டால் பிறகு யார் யாரென்று தெரியாது. வெறும் 'மின்' என்று முன்னொட்டுப் போடுவது இன்னும் தமாஷ். மின்னஞ்சல் சரி, மின்னூல் சரி, மின்கட்டணம் என்றால் இணையத்தில் கட்டும் கட்டணம் என்று யாரும் நினைப்பதில்லை. மோட்டார் ஓடியதற்கு வரும் பில்லைத்தான் நினைப்பார்கள்.

மின்சாரம் இல்லாத டிஜிட்டலுக்கு இன்னொரு சாட்சி தறி. சிறுமுகைப் பக்கம் பட்டு நெய்கிற தறிகளின் மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார் 1804இல் ஒழுங்குபடுத்திய பொறி அது. வரிசையாகக் கோத்த அட்டைகள், அட்டை நிறைய ஓட்டைகள். குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு தடவை போவதற்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், நீளவாக்கில் கிடக்கும் பாவு நூல் எழும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், நூல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எழு அல்லது கிட. நடுவில் ஒன்றுமில்லை. இந்த 'எழு, கிட' இரண்டை வைத்தே முந்தானையில் மயில் நிற்கிறது. இந்த அட்டை யோசனையைத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணிதவியலர் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1890இல் எடுத்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் என்ற பொறியாளர் ஓட்டை போட்ட அட்டைகளால்தான் எண்ணி முடித்தார். கணினியின் குலதெய்வம் எங்கேயாவது இருந்தால் அது தறிக்கூடத்தில்தான் இருக்கும்.

தறி ஏற்கெனவே டிஜிட்டல் என்றால் இப்போது என்னதான் மாறிவிட்டது? அட்டை மாறிவிட்டது. எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டையே கிடையாது, கணினியில் போட்ட டிசைன் ஒரு பென் டிரைவில் தறிக்கு வருகிறது. முன்பு பார்டரில் ஒரு பூவை மாற்ற வேண்டுமென்றால் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அட்டை குத்தி, கோத்து, ஏற்றி, ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் அட்டை. இன்று சாயங்காலம் கேட்டால் நாளைக்கு நெய்யலாம். வியாபாரிக்கு இது லாபம், சந்தேகமில்லை. அட்டை குத்திப் பிழைத்தவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பில் நாம் சொல்லைத்தான் தேடுகிறோம், தொழிலில் ஆளே காணாமல் போய்விடுகிறார்.

திருப்பூரிலும் அதுபோலத்தான். பனியன் துணியில் எட்டு நிறம் அச்சிட எட்டு ஸ்கிரீன் வேண்டும். ஸ்கிரீன் செலவை ஈடுகட்ட ஆயிரக்கணக்கில் துணி ஓட வேண்டும். டிஜிட்டல் பிரிண்டிங்கில் ஸ்கிரீன் இல்லை, மை நேராகத் துணியில் விழுகிறது. ஒரே ஒரு டீ-சர்ட் வேண்டுமா, ஒன்றையே போடலாம். வீட்டிலிருந்தபடி ஐம்பது பீஸ் விற்கிற பிள்ளைகள் ஊருக்குள் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய ஆர்டருக்கு இன்னும் ஸ்கிரீன்தான் கட்டுபடி.

மஞ்சள் ஏலத்தில் வந்த மாற்றம் வேறு மாதிரி. மாதிரியை உடைத்துப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது பழைய முறை. 2016 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் என்ற தேசிய வேளாண் சந்தையில் விலையைச் செல்போனில் போடலாம். மறைமுக ஏலம் என்றால் அடுத்தவர் போட்ட விலை உங்களுக்குத் தெரியாது. யோசித்துப் பாருங்கள், துண்டுக்கு இருந்த அதே வேலை. துண்டை இப்போது சர்வர் போர்த்திக்கொண்டிருக்கிறது.

இனி தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். புழக்கத்தில் நான் கண்டவை: எண்மம், எண்முறை, எண்ணியல், எண்ணிமம், இலக்கமுறை.

எண்மமும் எண்முறையும் காதில் சரியாக விழவில்லை. தமிழில் சொல்லுக்கு முன்னால் 'எண்' வந்தால் எட்டு என்றும் ஆகிவிடும். எண்திசை, எண்பது என்று பழகிய காது 'எண்முறை'யை எட்டு முறை என்று கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. எண்ணியல் என்பதில் 'இயல்' வருவதால் ஏதோ படிப்பு மாதிரி இருக்கிறது. இலக்கமுறை இலங்கைத் தமிழர் எழுத்தில் அதிகம் பார்க்கக் கிடைக்கும். பொருள் துல்லியம், டிஜிட் என்றால் இலக்கம் என்பதால் வேருக்கு வேர் ஒத்துப்போகிறது. ஆனால் நீளம். 'இலக்கமுறைப் பணப் பரிவர்த்தனை' என்று மூச்சுவிடாமல் சொல்லிப் பாருங்கள். அதோடு நம் பக்கம் இலக்கம் என்றால் கதவிலக்கம் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் 'இலக்கு' என்று படித்துவிடுவார்கள்.

மிச்சம் எண்ணிமம். அடைமொழியாக 'எண்ணிம' என்று சுருங்கி எதோடும் ஒட்டிக்கொள்ளும்: எண்ணிமக் கையொப்பம், எண்ணிமப் படம். ஈழத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்க 2005இல் தொடங்கிய 'நூலகம்' தளத்தை எண்ணிம நூலகம் என்றே சொல்கிறார்கள். 'எண்ணு' என்ற வினை அதற்குள் உயிரோடு இருப்பதுதான் எனக்குப் பெரிய காரணம். டிஜிட்டல் என்பது எண் மட்டும் அல்ல, எண்ணுவது. பிரெஞ்சுக்காரர்களும் விரலை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்தவர்கள்தான், அவர்கள் மொழியில் இதற்கு 'நுமெரிக்' என்பதே முறையான சொல். ஆகவே கட்டுரையில், பாடப்புத்தகத்தில், அரசு அறிவிப்பில் எண்ணிம என்று எழுதுங்கள் என்பேன். எலக்ட்ரானிக்குக்கு மின்னணு. இரண்டையும் கலக்காமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

வீதியில் கதை வேறு. அங்கே பொருளுக்குப் பொருள் ஒரு தீர்ப்பு வேண்டும். டிஜிட்டல் தராசை 'எண் தராசு' என்றால் கடைக்காரருக்குப் புரிகிறது, முள் தராசுக்கு எதிர்ச்சொல்லாகவும் நிற்கிறது. பணம் வந்தால் கத்துகிற பெட்டியை டீக்கடைகளில் 'ஸ்பீக்கர்' என்கிறார்கள், அதை யாரும் டிஜிட்டல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்தில் சிம் போட்ட ஸ்டார்ட்டர் 'மொபைல் ஸ்டார்ட்டர்'. ஆயிரம் அடி போர்வெல் மோட்டாரை ராத்திரி த்ரீ பேஸ் வந்ததும் படுத்த இடத்திலிருந்தே போட்டுவிடுகிறார்கள். போன் போட்டு எண்ணை அழுத்தினால் ஓடும், வேறோர் எண்ணை அழுத்தினால் நிற்கும். விரலும் இலக்கமும் இவ்வளவு நெருக்கமாகச் சந்திக்கும் இடம் வேறு இல்லை. அதற்குப் புதுப்பெயர் தேவையும் இல்லை.

டிஜிட்டல் என்ற சொல் எங்கள் ஊரில் தனியாக நின்றால் ஒரே ஒரு பொருள்தான்: பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை. சீருக்கு, காதுகுத்துக்கு, கெடா வெட்டுக்கு "டிஜிட்டல்ல சொல்லியாச்சுங்களா?" என்பார்கள். என் மச்சான் ஒருவர் அப்படி ஒரு கடை வைத்திருக்கிறார். பெயர்ப் பலகையை மாற்றப்போகிறேன் என்றார். 'எண்ணிம அச்சகம்' என்று வையுங்கள் என்று ஒரு மணி நேரம் துண்டு, தறி, லத்தீன் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் செரிங் மாப்ள. எண்ணிமன்னு போட்டா, எண்ணெய்க் கடைன்னு கேனத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்களே, அதுக்கு என்னுங் பண்றது?"

பலகையில் இன்றைக்கும் டிஜிட்டல்தான் இருக்கிறது. கீழே சின்னதாக 'எண்ணிம அச்சு' என்று போட்டிருக்கிறார். சதுர அடிக் காசு என்னிடம் வாங்கவில்லை.